லாஞ்ச் கண்ட்ரோல் மறுக்கும்போது: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் அன்றாடம் ஓடும் குடும்ப வண்டிகள். ஆனால் சில ஆண்டுகளாக, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவும் இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸும் உள்ள வேகக் கார்களும் அவ்வப்போது வந்து நிற்கின்றன. வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர் ஒருவர், பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு ஊருக்கு வந்த பையன் ஒருவன் என்று ஆட்கள் மாறுவார்கள். புகார் மட்டும் மாறாது: "அண்ணாச்சி, லாஞ்ச் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை."

பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. வண்டி "மாட்டேன்" என்கிறது, அவ்வளவுதான். லாஞ்ச் கண்ட்ரோல் என்பது, நின்ற இடத்திலிருந்து காரை முடிந்த அளவு வேகமாகக் கிளப்பிவிடும் கணினி வசதி. அதைப் பாய்ச்சலுக்கான பொத்தானாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். என் அனுபவத்தில் அது பாதி நேரம் பாய்ச்சலை மறுக்கும் கணக்குப்பிள்ளை. எந்தக் கணக்கு இடிக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வழிமுறை.

அது செய்கிற வேலையை நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். தேர் நிலையில் நிற்கும்போது முதலில் வடத்தைத் தொய்வில்லாமல் இறுக்குவார்கள். சக்கரத்தடியில் கட்டை இருக்கும், பின்னால் தடி போடுகிறவர்கள் தயாராக நிற்பார்கள். இழுவை முழுதும் வடத்தில் ஏறிய பிறகே தேர் அசையும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது, வடம்தான் நோகும். காரில் கட்டையின் வேலையைப் பிரேக் செய்கிறது, வடத்தின் வேலையைக் கிளட்ச் செய்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் கணினி இன்ஜினை ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற அளவில், பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை விட்ட கணத்தில் கிளட்சை அளந்து அளந்து மூடும். நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நொடிக்குப் பல முறை ஒப்பிட்டு, இழுக்கும் சக்கரம் தரையை விடச் சற்றே வேகமாக, சுமார் 10 முதல் 20 விழுக்காடு வரை, சறுக்கும்படி இன்ஜின் முறுக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும். டயரின் பிடி உச்சத்தில் இருப்பது அந்தச் சிறு சறுக்கலில்தான். சறுக்கலே இல்லாவிட்டாலும் நேரம் போகும், அதிகமானாலும் போகும்.

பந்தய உலகத்திலேயே இது முரண்டு பிடித்திருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் 2001இல் ஸ்பெயின் பந்தயத்திலிருந்து லாஞ்ச் கண்ட்ரோலுக்கு அனுமதி கொடுத்தார்கள். அடுத்து வந்த ஆஸ்திரியப் பந்தயத்தில் நான்கு கார்கள் கிளம்பாமல் கோட்டிலேயே நின்றுவிட்டன. அதில் ஒன்று இருமுறை உலகச் சாம்பியனான மிகா ஹாக்கினென் ஓட்டியது. 2004இல் அங்கே அதைத் தடையே செய்துவிட்டார்கள். ஆகவே உங்கள் வண்டி ஒருமுறை மறுத்ததற்காக மனம் உடைய வேண்டாம்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான்குவழிச் சாலை காலியாக இருக்கிறது என்று கங்கைகொண்டான் பக்கமோ நாங்குநேரி பக்கமோ போய்ச் சோதிக்காதீர்கள். பொதுச் சாலையில் வேகப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள், இரவு நேரத்தில் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கும் மாடுகளுக்கு உங்கள் ஆர்.பி.எம். கணக்கு தெரியாது. ஓட விட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டைத் தளம் இருக்கிறது. கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பகுதிக்கு வண்டியைப் பாய விடவே தேவையில்லை. வண்டிக் கணினியில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஒரு நல்ல ஸ்கேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

"டேஷ்போர்டில் 'இப்போது இயலாது' என்று வருகிறது"

முதலில் கியர் ஆயிலின் வெப்பத்தைப் பாருங்கள். நெல்லைச் சந்திப்பில் வண்டியை எடுத்து, சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி என் பட்டறை வாசலுக்கு வருவதற்குள் இன்ஜின் தண்ணீர் 90 டிகிரியைத் தொட்டுவிடும். முள் நடுவில் நிற்பதைப் பார்த்து உரிமையாளர் வண்டி சூடாகிவிட்டது என்று எண்ணுவார். கியர் ஆயில் அப்போதும் பாதி வெப்பத்தில்தான் இருக்கும். அது சூடாகும் வேகம் வேறு. சில பி.எம்.டபிள்யூ மாடல்களின் கையேடு, குறைந்தது 10 கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே இதைப் பயன்படுத்தலாம் என்கிறது. மற்ற வண்டிகளுக்கும் அதைக் கணக்காக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

வெப்பம் சரியென்றால் இவற்றைப் பாருங்கள்: ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா, கதவுகள் நன்றாகச் சாத்தியிருக்கின்றனவா, சீட் பெல்ட் போட்டிருக்கிறீர்களா, ஹேண்ட் பிரேக்கும் சிக்னலில் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோ ஹோல்டும் அணைந்திருக்கின்றனவா, ஓட்டும் முறை ஸ்போர்ட்டில் இருக்கிறதா, வண்டி சறுக்கித் திரும்பாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கையேடு சொல்லும் நிலையில் இருக்கிறதா. கடைசியில் உள்ளதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு வண்டிக்கு அதை முழுக்க அணைக்க வேண்டும், இன்னொன்றுக்குப் பாதி தளர்த்தினால் போதும். நண்பர் வண்டியில் பார்த்த முறையை உங்கள் வண்டியில் செய்தால் நடக்காது. கையேட்டின் அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது படியுங்கள். கையேட்டை உறை பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் பூஜைப் பொருள்போல வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது வண்டியென்றால் ஆரம்ப ஓட்டம் முடியும் வரை சில நிறுவனங்கள் இந்த வசதியைப் பூட்டியே வைத்திருக்கும். வண்டி சரிவில் நின்றாலும் சில மாடல்கள் மறுக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மறுக்கிறதென்றால் ஸ்கேனரை மாட்டி எல்லாப் பிரிவுகளிலும் பிழைக் குறியீடு தேடுங்கள், இன்ஜின் பிரிவில் மட்டும் தேடி நிறுத்திக்கொள்ளாதீர்கள். பின் சக்கரத்து வேக சென்சாரில் ஒரு பழைய பிழை பதிவாகியிருந்தால் போதும், கணினி நம்பிக்கை இழந்துவிடும். வீட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் பேட்டரி மின்னழுத்தம் குறைந்திருப்பதையும் சந்தேகப்படுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் உரிமையாளர்களின் வண்டிகளில் நான் முதலில் தொடுவது பேட்டரியைத்தான்.

"இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் இன்ஜின் மூச்சடைத்துப் போகிறது"

ஆர்.பி.எம். 1,500 பக்கம் ஏறி, அங்கேயே முனகிக்கொண்டு நிற்கும். இது பழுது என்று வருகிறவர்களில் பலருக்கு நான் சொல்வது: உங்கள் பிரேக் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபட்டால், ஓட்டுநர் தடுமாறுகிறார் என்று எண்ணி இன்ஜின் விசையைக் குறைக்கும் பாதுகாப்பு இன்றைய கார்களில் இருக்கிறது. லாஞ்ச் கண்ட்ரோல் தயார் நிலைக்கு வந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே, முந்தைய பகுதியின் நிபந்தனைகளில் ஏதோ ஒன்று நிறைவேறவில்லை, அல்லது கணினிக்கு நீங்கள் சொல்ல வந்தது விளங்கவில்லை.

விளங்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பிரேக்கை மெதுவாக அழுத்துவது. இடது காலால் பிரேக் மிதித்துப் பழகாதவர்களுக்கு அந்தக் காலில் அளவு தெரியாது. சிலர் பூவை மிதிப்பதுபோல் மிதிப்பார்கள். கணினி எதிர்பார்ப்பது உறுதியான அழுத்தம். ஸ்கேனரில் பிரேக் அழுத்தம் காட்டும் வரியைத் திறந்து வைத்துக்கொண்டு, நிறுத்திய வண்டியில் நான்கைந்து முறை மிதித்துப் பழகுங்கள். பிரேக் விளக்குச் சுவிட்ச் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். பின்னால் ஒருவரை நிற்க வைத்து, விளக்கு தயங்காமல் எரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஆக்சிலரேட்டர் முழுதும் கீழே போகாதது. இதைக் கண்டுபிடிக்க ஒருமுறை எனக்கு அரை நாள் பிடித்தது. சேரன்மகாதேவிக்காரர் ஒருவரின் ஜெர்மன் ஹேட்ச்பேக். பிழைக் குறியீடு எதுவும் இல்லை, வெப்பம் சரி, பிரேக் அழுத்தம் அருமை. வேறு வழியில்லாமல் பெடலின் எண்ணைப் பார்த்தேன். தரை வரை மிதித்தும் 91 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சென்சார் போய்விட்டது என்று முடிவுகட்டி விலைகூடச் சொல்லிவிட்டேன். பிறகு குனிந்து பார்த்தால், கம்பெனி மிதியடிக்கு மேல் ஒரு தேங்காய் நார் மிதியடி, அதற்கு மேல் பத்தமடைக் கோரைப்பாயை அளவெடுத்து வெட்டிய இன்னொரு விரிப்பு. பாய் அழகாகத்தான் இருந்தது, ஓரத்துக்குச் சிவப்புத் துணி கூட வைத்துத் தைத்திருந்தார். இரண்டையும் உருவி எடுத்தேன். பெடல் 100 காட்டியது, கடைசியில் இருக்கும் கிக் டவுன் சுவிட்ச் 'டிக்' என்றது, லாஞ்ச் கண்ட்ரோல் தயார் என்ற செய்தியும் வந்தது. சென்சார் விலை சொன்ன வாயை நான் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. பாய்க்கு அவர் கொடுத்த விலை எவ்வளவு என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து இந்தப் புகாருக்கு முதலில் மிதியடியை எடுப்பேன், பிறகுதான் ஸ்கேனரை எடுப்பேன்.

"ஆர்.பி.எம். ஏறுகிறது, ஆனால் வண்டி பிரேக்கை மீறி ஊர்கிறது"

பிரேக் போதவில்லை. கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் நின்றபடியே இன்ஜின் தள்ளிக்கொண்டிருப்பதால் இது சற்று அதிகம் தெரியும். பட்டைகளின் தடிமனைப் பாருங்கள், டிஸ்க்கில் கண்ணாடிப் பளபளப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இதைச் சரிசெய்யாமல் லாஞ்ச் கண்ட்ரோலைத் தொடவே வேண்டாம். 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போகிற வண்டி அங்கிருந்து திரும்ப நிற்கவும் வேண்டுமே.

"பிரேக்கை விட்டதும் சக்கரம் சுற்றுகிறது, வண்டி போகவில்லை"

புகை, சத்தம், பார்ப்பவர்கள் கைதட்டல். நேரம் மட்டும் கெட்டுவிடும். மின்னணுவியலைச் சந்தேகிக்கும் முன் டயரையும் தரையையும் பாருங்கள், ஏனென்றால் கணினி கொடுப்பதை வாங்கித் தரையில் போட வேண்டியது டயர்தான்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காடி ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கணக்காக நின்ற டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் மரக்கட்டைபோல் இருக்கும். ஓடாமலே கிழடாவது டயருக்கும் உண்டு.

அடுத்தது காற்றழுத்தம். கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியது. பங்கில் காற்றுப் பிடிப்பவர் எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணை வைத்துவிட்டுப் போவார். அதை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு தூசி. ராதாபுரம் பக்கமும் சாத்தான்குளம் பக்கமும் தேரி எனும் மணல்மேடுகளின் செம்மணலை ஆடிக் காற்று சாலையில் வாரி இறைக்கும். அந்தத் தூள் டயருக்கும் தாருக்கும் நடுவில் குண்டுமணி போல உருளும். தேரிக்காட்டு வண்டிகளில் நான்கு டயரையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் நான் அடுத்த வேலையைப் பார்ப்பது. சாரல் காலத்தில் கதை வேறு: நனைந்த தாரில் பிடி கணிசமாகக் குறைந்துவிடும். காய்ந்த தரைக்கான ஆர்.பி.எம்.மை வைத்துக்கொண்டு கணினி தடுமாறும். ஈரத்தில் லாஞ்ச் கண்ட்ரோல் வேண்டாம் என்பதே என் கருத்து.

இங்கே, முன் சக்கரங்கள் இழுக்கும் முன்சக்கர வண்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், இரு அச்சுகளுக்கு நடுவே 2.6 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தில் அது கிளம்பினால், சுமார் 145 கிலோ பாரம் முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போய்விடும். இழுக்க வேண்டிய சக்கரம் இழுக்கும் அந்த நேரத்திலேயே இளைத்துப் போகிறது. பின்சக்கர வண்டிக்கு இதே கணக்கு வரமாகிறது, பின்புறம் குந்தி உட்கார்ந்து டயரைத் தரையில் அழுத்துகிறது. ஆகவே முன்சக்கர வண்டியில் சற்றுச் சக்கரம் சுற்றுவது அதன் பிறவிக் குணம். அதைப் பழுது என்று சொல்லிப் பணம் வாங்குகிறவரிடம் போகாதீர்கள்.

டயர், தரை இரண்டும் நன்றாக இருந்தும் சுற்றுகிறதென்றால் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகங்களையும் ஒன்றாகத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, நேர்ச்சாலையில் 40 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால், அந்தச் சக்கரத்தின் சென்சாரிலோ அதன் வளையத்திலோ அழுக்கு. முன்னிரண்டும் பின்னிரண்டும் ஜோடி ஜோடியாக விலகினால், இரண்டு டயரை மட்டும் வேறு அளவில் மாற்றியிருக்கிறார்கள். அந்த வேறுபாட்டையே கணினி சறுக்கல் என்று எண்ணிக்கொண்டிருக்கும். அதன் கணக்குப் புத்தகத்தில் முதல் வரியே தவறாகிவிடும்போது கூட்டல் எப்படிச் சரியாகும்?

"பிரேக்கை விட்டதும் வண்டி படுத்துவிடுகிறது, ஒரு நொடி கழித்துத்தான் இழுக்கிறது"

மேலே சொன்னதற்கு நேர் எதிர். டயர் பிடிக்கிறது, இன்ஜின் கொடுக்கவில்லை. டர்போ வண்டிகளில் இதற்கு முதல் காரணம், நிற்கும்போது டர்போவின் காற்றழுத்தம் ஏறாதது. தயார் நிலையில் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எரியும் வாயுவின் வெப்பத்தை டர்போவின் பக்கம் தள்ளி, விசிறியை முன்கூட்டியே சுற்ற வைக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே பிரேக்கை விட்டால் அதற்கு நேரம் கிடைக்காது. ஆர்.பி.எம். நிலைத்து நிற்கும் வரை ஓரிரு நொடி பொறுக்க வேண்டும். அதற்கு மேலும் பிடித்துக்கொண்டே இருந்தாலும் கெடுதல், வெப்பம் ஏறும். 'நிலைத்தது, விட்டேன்' என்று இருக்க வேண்டும்.

நேரம் கொடுத்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால் டர்போவிலிருந்து இன்ஜின் வரை போகும் ரப்பர்க் குழாய்களையும் கிளிப்புகளையும் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். காற்று வடிகட்டியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். செங்கல் நிறத்தில் இருந்தால் மாற்றிவிட்டு மேலே பேசுவோம்.

வெயில் இன்னொரு காரணம். 40 டிகிரி வெயிலில் காற்று, 15 டிகிரியில் இருப்பதை விட 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. வண்டி நின்றுகொண்டே இருந்தால், டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குள் போகும் காற்றும் சூடேறிவிடும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை ஸ்கேனரில் பாருங்கள். வெளி வெப்பத்தை விட மிகவும் கூடுதலாக இருந்தால் வண்டியைக் கொஞ்சம் ஓட்டி ஆற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சூடான காற்றில் தட்டல் வரும், அதாவது எரிபொருள் தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டும், என்று அஞ்சி கணினி தீப்பொறியை இன்னும் பின்னுக்குத் தள்ளும், விசை இன்னும் குறையும். கையேடு 95 ஆக்டேன் கேட்டால் அதற்குக் குறைந்ததை ஊற்றாதீர்கள். சித்திரை மத்தியானத்தில் வந்து "வண்டி இழுக்கவில்லை" என்று சொன்ன ஒருவரை மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். வந்தார், வண்டி இழுத்தது. கட்டணம் வாங்கவில்லை, காபி மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

"கிளம்பும்போது தடதடவென்று குதிக்கிறது"

உடனே காலை எடுங்கள். இரண்டாம் முறை முயன்று பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். சக்கரம் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் அந்த ஒவ்வொரு துள்ளலிலும், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் தண்டில் இறங்குவது சம்மட்டி அடி. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தது நினைவிருக்கும். சீரான இழுவையைத் தாங்குகிற பொருள், தொய்ந்து திடீரென்று விறைக்கும் வெட்டிழுப்பைத் தாங்குவதில்லை என்பது கயிற்றுக்கும் எஃகுக்கும் பொது.

வண்டியைத் தூக்கி, சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் புஷ்களில் வெடிப்பு தேடுங்கள். பிறகு இன்ஜின் மவுண்ட்: பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு மெதுவாக கியர் மாற்றும்போது இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். விரலளவு அசைவு இயல்பு. தலையாட்டி பொம்மை போல ஆடினால் மவுண்ட் முடிந்தது. புஷ்ஷும் மவுண்டும் சரியாக இருந்தும், சாதாரணமாக நகரும்போதும் கூட நடுக்கம் இருந்தால் கிளட்ச் தட்டிலோ ஃப்ளைவீலிலோ கோளாறு. அது கியர் பாக்ஸை இறக்கும் வேலை.

"முதல் இரண்டு முறை நடந்தது, அப்புறம் மறுக்கிறது"

இந்தப் புகாரைக் கேட்கும்போது எனக்கு வண்டியின் மேல்தான் இரக்கம் வரும்.

நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், சக்கரம் நிற்கும். இரண்டும் ஒன்று சேரும் வரை கிளட்ச் நடுவில் உரசிக்கொண்டே இருக்கிறது. 1,500 கிலோ வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது கிளட்ச் முழுக்கப் பிடித்தது என்று வைத்துக்கொண்டால், வண்டிக்குக் கிடைத்த இயக்க ஆற்றல் சுமார் 52 கிலோஜூல். ஏறத்தாழ அதே அளவு கிளட்சில் வெப்பமாகப் போயிருக்கும். 30 டிகிரியில் இருக்கும் 180 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. ஒன்றரை டம்ளர் தேநீருக்கான வெந்நீரை ஓரிரு நொடிக்குள், உள்ளங்கை அகலத் தட்டுகளில் காய்ச்சுகிறீர்கள். மூன்று முறை, நான்கு முறை என்றால் தேநீர்க் கடையே வைக்கலாம்.

எண்ணெயில் நனைந்து ஓடும் கிளட்ச் என்றால் அந்த வெப்பத்தை எண்ணெய் வாங்கிக்கொண்டு போகும். உலர்ந்த கிளட்ச் என்றால் தட்டுகளே தாங்க வேண்டும், காற்றில் மெதுவாகத்தான் ஆறும். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ளாமல் லாஞ்ச் கண்ட்ரோலைப் பற்றிப் பேசாதீர்கள். எந்த வகையானாலும் கணினி வெப்பத்தைக் கணக்கிட்டு, எல்லையைத் தொட்டதும் கதவைச் சாத்திவிடும். சில கையேடுகள் ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 நிமிடம் விடச் சொல்கின்றன.

வண்டியை நிறுத்திவைத்து ஏ.சி. போட்டுக்கொண்டு காத்திருப்பது சரியான வழி ஆகாது. மெதுவாக, சீரான வேகத்தில், நின்று நின்று கிளம்பாமல் ஓட்டுங்கள். காற்றோட்டமும் எண்ணெய் ஓட்டமும் சேர்ந்து ஆற்றும். ஆறிய பிறகும் மறுத்தால், அல்லது முன்பு நான்கு முறை தாங்கிய வண்டி இப்போது முதல் முறைக்கே மறுத்தால், கியர் ஆயிலின் அளவையும் அதன் குளிர்விப்பானின் வழியையும் பாருங்கள். தும்பும் பூச்சியும் சேர்ந்து குளிர்விப்பானின் முகத்தை மூடியிருப்பது நம் பக்கம் சாதாரணம். அறுவடை முடிந்த வயல்களின் நடுவே அம்பாசமுத்திரம் சாலையில் தினமும் போய்வரும் வண்டிகளில் வைக்கோல் துணுக்குகளையே எடுத்திருக்கிறேன். வடித்த எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கருகல் நெடி வந்தால் கிளட்ச் கொஞ்சம் எரிந்திருக்கிறது.

எண்ணெயோ கிளட்ச்சோ மாற்றினால், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும்கூட, சில கியர் பாக்ஸ்களுக்கு கிளட்ச் பிடிக்கும் இடத்தை ஸ்கேனர் வழியாக மறுபடி கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஒன்று இடித்துக்கொண்டு கிளம்பும், அல்லது மறுக்கும். வேலை முடித்த பட்டறையில் "கற்பித்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"மேனுவல் கியர் வண்டியில் பட்டாசுச் சத்தம் மட்டும் வருகிறது"

கம்பெனியில் வராத, வெளியில் கணினி நிரல் மாற்றிப் போட்ட வகை இது. கிளட்ச் பெடலை அழுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு ஆர்.பி.எம்.முக்கு மேல் தீப்பொறியை வெட்டும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் எரியும், அதுதான் சத்தம். கூடவே, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் எரியும். கிளட்ச் பெடல் சுவிட்ச் முழு ஆழத்தில் சரியாக அறிவிக்கிறதா என்று பாருங்கள், ஆர்.பி.எம். எல்லையைக் குறைத்து வையுங்கள். இதற்கு மேல் இதில் உதவ எனக்கு விருப்பமில்லை. டயரின் சறுக்கலை அளக்காமல் ஆர்.பி.எம்.மை மட்டும் பிடிப்பது பாதி வேலை, சத்தம்தான் முழு வேலை.

"எல்லாம் சரியாக நடக்கிறது, கம்பெனி சொன்ன நேரம் மட்டும் வரவில்லை"

100 கிலோமீட்டர் வேகத்தை எட்டக் கம்பெனி சொன்ன எண்ணும் உங்கள் கைப்பேசி சொல்லும் எண்ணும் ஒரே அளவுகோலில் எடுத்தவையாக இருக்க வேண்டியதில்லை. வண்டி முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்கும் வழக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. அதிலேயே நொடியில் பத்தில் இரண்டு மூன்று பங்கு மிச்சமாகும். தரையின் சிறு சரிவும் கணக்கில் வரும். காற்றும் அப்படித்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு முதுகு காட்டி எடுத்த நேரத்தையும் முகம் காட்டி எடுத்த நேரத்தையும் ஒப்பிட முடியாது. எதிரெதிர் திசைகளில் ஓட்டிச் சராசரி எடுப்பதுதான் முறை. எத்தனை பேர் வண்டியில் இருந்தார்கள், டேங்க் எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒருவர் கோவைத் தளத்தில் முன்சக்கர வண்டியை ஓட்டிவிட்டு வாடிய முகத்தோடு நேராக என்னிடம் வந்தார். கம்பெனி எண்ணை விட ஒரு நொடி பின்தங்கியது, சக்கரமும் அளவுக்கு மேல் சுற்றியது. மிதியடி பார்த்தேன், டயர் பார்த்தேன், சக்கர வேகங்கள் பார்த்தேன், எண்ணெய் முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தபோது உள்ளே 25 கிலோ அரிசி மூட்டை நான்கு, பின் அச்சுக்கும் பின்னால் வரிசையாக அடுக்கியபடி இருந்தன. கோவையில் அக்கா வீட்டில் இறக்க வேண்டியதாம். தளத்துக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிட்டார், திரும்பி வரும்போதும் மறந்துவிட்டார். அரிசி அம்பாசமுத்திரத்திலிருந்து கோவை போய், முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வந்திருந்தது.